சென்னையிலிருந்து ஜித்தா: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?



உம்ராவுக்குப் போக நாடும் குடும்பங்கள் முதலில் கேட்பது கட்டணம். அடுத்து கேட்பது, "எத்தனை மணி நேரம் ஃபிளைட்டில் உட்கார வேண்டும்?" என்பது. வயதான வாப்பா உம்மாவை அனுப்பும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிது. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள் இல்லாத வீடு இன்று குறைவு. இந்தக் கேள்விக்கு "ஆறு மணி நேரம்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆறு மணி நேரத்துக்குள் தொழுகை வக்து, இஹ்ராம், மருந்து, உணவு எல்லாம் அடங்கியிருக்கின்றன. அதனால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தூரம் எவ்வளவு?

சென்னை விமான நிலையத்துக்கும் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்துக்கும் இடையே நேர்வழித் தூரம் சுமார் 4,450 கி.மீ. மதீனா விமான நிலையத்துக்கும் ஏறக்குறைய இதே தூரம்தான். சுமார் 4,430 கி.மீ.

இங்கே நேர்வழி என்பது பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறுகிய வழி. சென்னையில் பிடித்த அந்த நூல் மேற்கும் வடமேற்குமாகப் போய், கர்நாடகத்தைக் கடந்து, அரபிக் கடலைத் தாண்டி, ஓமன் நாட்டின் மேலும் அரேபியப் பாலைவனத்தின் மேலும் சென்று ஜித்தாவைத் தொடும். விமானம் இந்த நூலின் மேலேயே போகும் என்று சொல்ல முடியாது. வான்வெளியில் வகுக்கப்பட்ட பாதைகள் இருக்கின்றன. சில நாடுகளின் வான்வெளி சில நேரம் மூடப்படும். மேகம், காற்று பார்த்தும் விமானி வழியை மாற்றுவார். ஆகவே பறக்கும் தூரம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் பம்பாய் சென்று கப்பல் ஏறி ஜித்தா போனார்கள். கடலில் மட்டும் பத்து நாளுக்கு மேல் ஆகும். 1995ஆம் ஆண்டோடு இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குக் கப்பல் போவது நின்றது. அன்று பத்து நாளில் கடந்த தூரத்தை இன்று ஒரு பகல் பொழுதுக்குள் கடக்கிறோம். அல்ஹம்து லில்லாஹ்.

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்

பெரிய விமானம் உயரே ஏறியபின் மணிக்கு சுமார் 850 கி.மீ. வேகத்தில் போகும். 4,450ஐ 850ஆல் வகுத்தால் ஐந்தேகால் மணி நேரம் வருகிறது. இதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெல்ல மேலேறுவது, இறங்கும்போது வேகம் குறைப்பது, சுற்றி வருவது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரை.

நேர் விமானத்தில் சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஐந்தே முக்கால் மணி முதல் ஆறு மணி நேரம் ஆகும். திரும்பி வர ஐந்து மணி முதல் ஐந்தரை மணி நேரம் போதும். தூரம் ஒன்றுதானே, நேரம் ஏன் மாறுகிறது? காற்றுதான் காரணம். விமானம் பறக்கும் உயரத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசும். போகும்போது அது எதிர்காற்று. வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும் காற்று. ஆற்றில் படகு எதிர்த்துப் போவதற்கும் நீரோட்டத்தோடு வருவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பது எப்படி?

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே பகல் 12.30 என்றால் அங்கே காலை 10.00.

ஓர் எடுத்துக்காட்டு. காலை 10.00க்குச் சென்னையில் புறப்பட்டு, பகல் 1.30க்கு ஜித்தாவில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. பார்ப்பவர் மூன்றரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடுவார். அதோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். உண்மையில் ஆறு மணி நேரம். அதேபோல் இரவு 10.00க்கு ஜித்தாவில் புறப்பட்டு மறுநாள் காலை 5.50க்குச் சென்னையில் இறங்குவதாக இருந்தால், அது எட்டு மணி நேரம்போல் தெரியும். இரண்டரையைக் கழித்தால் ஐந்து மணி இருபது நிமிடம்தான்.

போகும்போது கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். இதை நினைவில் வைத்தால் போதும். வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரை நேரம் குறித்துக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை அவசியம் பார்க்க வேண்டும்.

நேர் விமானமா, மாறிப் போவதா?

மாறிப் போகும் டிக்கெட் பல சமயம் மலிவாகக் கிடைக்கும். எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்து தூரம் மிகவும் மாறுகிறது.

மஸ்கட் வழியாகப் போனால் சென்னை–மஸ்கட் சுமார் 2,590 கி.மீ., மஸ்கட்–ஜித்தா சுமார் 1,970 கி.மீ. மொத்தம் 4,560 கி.மீ. துபாய் வழியாக 2,930ம் 1,700ம் சேர்ந்து சுமார் 4,630 கி.மீ. இரண்டு ஊர்களும் போகும் வழியிலேயே இருப்பதால் கூடுதல் தூரம் 200 கி.மீ.கூட இல்லை. கொழும்பு வழியாகப் போனால் முதலில் தெற்கே 650 கி.மீ. போய், அங்கிருந்து 4,650 கி.மீ. பறக்க வேண்டும். மொத்தம் சுமார் 5,300 கி.மீ.; நேர்வழியைவிட 850 கி.மீ. அதிகம்.

தூரத்தைவிட முக்கியம் இடையில் காத்திருக்கும் நேரம். மஸ்கட்டிலோ துபாயிலோ இரண்டு மூன்று மணி நேரம் காத்திருப்பு என்றால் பத்துப் பதினோரு மணி நேரத்தில் ஜித்தா போய்விடலாம். எட்டு, பத்து மணி நேரம் காத்திருப்பு என்றால் மொத்தம் பதினைந்து முதல் பதினெட்டு மணி நேரம் ஆகிவிடும். இளைஞர்களுக்கு இது பெரிதல்ல. எழுபது வயது உம்மாவுக்கு இரும்பு நாற்காலியில் ஓர் இரவு என்பது பெரிய சோதனை.

மாறிப் போகும் டிக்கெட்டில் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்பது. ஒரே டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் அனுப்பும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் தவறவிட்ட விமானத்தின் காசு போனது போனதுதான். இரண்டாவது, பெட்டி நேராக ஜித்தாவுக்கே போய்விடுமா, இடையில் எடுத்து மறுபடி போட வேண்டுமா என்பது. மூன்றாவது, இடையில் இறங்கும் நாட்டுக்கு விசா தேவைப்படுமா என்பது. ஏஜென்ட் "எல்லாம் சரியாக இருக்கும்" என்று சொன்னால் போதாது. டிக்கெட்டை வாங்கிக் கண்ணால் பாருங்கள்.

வீட்டு வாசலிலிருந்து ஹரம் வாசல் வரை

ஆறு மணி நேரம் என்பது ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கு சுமார் 460 கி.மீ.; வேனில் எட்டு முதல் ஒன்பது மணி நேரம். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரப் பறப்பு. ஜித்தாவில் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எடுப்பது என்று ஒன்று முதல் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மக்கா நூறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கூட்டிப் பாருங்கள்: இருபது மணி நேரத்துக்கு மேல். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கூடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் உம்ரா. தவாஃப் ஏழு சுற்று. பிறகு ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை. ஒரு முறைக்கு சுமார் 450 மீட்டர், ஏழுக்கும் சேர்த்து மூன்று கி.மீ.க்கு மேல். தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல், இருபது மணி நேரம் பயணித்த உடம்போடு இதில் இறங்கித்தான் பெரியவர்கள் பலர் மயங்கி விழுகிறார்கள். இறங்கியதும் உம்ரா செய்தாக வேண்டும் என்பதில்லை. அறைக்குப் போய்ச் சாப்பிட்டு, மருந்து எடுத்து, சில மணி நேரம் உறங்கி எழுந்து செய்யலாம். இஹ்ராமுடைய கட்டுப்பாடுகளைப் பேணினால் போதும். இதைக் குழுத் தலைவரிடம் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். சென்னைக்கு ஒரு நாள் முன்பே வந்து, உறவினர் வீட்டிலோ விடுதியிலோ ஓர் இரவு தங்கிவிட்டு விமானம் ஏறுவதும் நல்லது.

விமானத்தில் மீக்காத்

உம்ராவுக்குப் போகிறவர் மீக்காத் எல்லையை இஹ்ராம் இல்லாமல் கடக்கக் கூடாது. அன்று கப்பலில் போனவர்களுக்கு அது யலம்லம். கடலில் மெதுவாகப் போகும் கப்பலில் தயாராக நிறைய நேரம் இருந்தது. இன்று விமானம் கிழக்கிலிருந்து வருவதால், தாயிஃபுக்கு அருகில் உள்ள கர்னுல் மனாஸில் எல்லையைப் பெரும்பாலும் கடக்கிறது. அந்த இடத்திலிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 130 கி.மீ.தான். ஆகவே மீக்காத் வருவது இறங்குவதற்கு இருபது, முப்பது நிமிடம் முன்பு. முழு வேகத்தில் விமானம் ஒரு நிமிடத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு கி.மீ. போகிறது. அறிவிப்பு வந்தபின் எழுந்து உடை மாற்ற நேரம் இருக்காது. கழிப்பறை வாசலில் ஏற்கெனவே பத்துப் பேர் நிற்பார்கள்.

ஆகவே ஆண்கள் வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டே ஏறுவது நல்லது. வளைகுடா வழியாகப் போகிறவர்கள் அங்கே இறங்கும் நேரத்தில் உடுத்தலாம். துணி உடுத்துவதோடு இஹ்ராம் ஆகிவிடாது. நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லும்போதுதான் ஆகிறது. நிய்யத்தை மீக்காத்துக்குச் சற்று முன்பு, அதாவது இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே வைத்துக்கொள்வது பேணுதல். உறங்கிப்போய்விடுவோம் என்று அஞ்சுபவர்கள் இன்னும் முன்பே வைத்துக்கொள்ளலாம்.

இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அது விமானத்தின் அடியில் போய்விடும். நடுவானில் எடுக்க முடியாது. நிய்யத் வைத்தபின் விமானத்தில் கொடுக்கும் வாசனை ஈரத்தாளைப் பயன்படுத்த வேண்டாம்; வாசனைச் சோப்பும் வேண்டாம்.

முதலில் மதீனா போகிறவர்களுக்கு இந்த அவசரம் எதுவும் இல்லை. சாதாரண உடையில் போய் இறங்கி, சில நாள் தங்கி ஓய்வெடுத்து, பிறகு மதீனாவுக்கு அருகிலுள்ள துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டலாம். அங்கிருந்து மக்காவுக்கு சுமார் 450 கி.மீ.; பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். 2018இல் தொடங்கிய ஹரமைன் ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் மதீனாவை முதலில் வைத்த பயணத் திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

தொழுகையும் நோன்பும்

சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும். சென்னை 80ஆவது தீர்க்கரேகையிலும் ஜித்தா 39ஆவதிலும் இருக்கின்றன. வித்தியாசம் 41 பாகை. நான்கால் பெருக்கினால் 164 நிமிடம். அதாவது பகலில் மேற்கே போகும்போது பகல் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம் நீளும். கிழக்கே திரும்பும்போது அதே அளவு சுருங்கும்.

காலை 10.00 மணி விமானத்தில் போகிறவர்களுக்கு லுஹர் விமானத்தில் இருக்கும்போதே வந்துவிடும். பகல் 1.30க்கு ஜித்தாவில் இறங்கும்போதும் வக்து பாக்கி இருக்கும். ஆனால் அங்கே அஸர் மூன்றேகால் முதல் மூன்றே முக்காலுக்குள் வந்துவிடும். பாஸ்போர்ட் வரிசையில் நின்றுகொண்டு லுஹரைத் தவறவிடாதீர்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் ஜம்உ, கஸ்ர் இரண்டும் செய்யலாம். ஹனஃபீ மத்ஹபில் கஸ்ர் உண்டு, ஜம்உ இல்லை.

திரும்பும்போது ஃபஜ்ரில்தான் கவனம் வேண்டும். காலை 5.50க்குச் சென்னையில் இறங்கும் விமானம் என்றால், மே, ஜூன் மாதங்களில் அதற்கு முன்பே சூரியன் உதித்துவிடும். மேலே இருப்பவர்களுக்கு இன்னும் முன்பே தெரியும். "ஊரில் இறங்கித் தொழுதுகொள்ளலாம்" என்று உறங்கினால் ஃபஜ்ர் களாவாகிவிடும். ஏறும்போதே உளூவோடு இருங்கள், மணியடிக்க வைத்துக்கொள்ளுங்கள். கிப்லாவுக்கு ஓர் எளிய அடையாளம்: போகும்போது பெரும்பாலும் விமானம் போகும் திசையே கிப்லா, வரும்போது அதன் வால் பக்கம். முன்னால் உள்ள திரையில் வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

ரமளானில் போகிறவர்கள் கடிகாரம் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. ஜன்னலில் சூரியன் தெரிகிறவரை நமக்கு அஸ்தமிக்கவில்லை. பதினோரு கி.மீ. உயரத்தில் இருப்பவருக்கு, கீழே தரையில் இருப்பவரைவிட சுமார் பதின்மூன்று நிமிடம் பின்னால்தான் சூரியன் மறையும். மாலையில் மேற்கே போகும் விமானத்தில் நோன்பு நீளும் என்பதால், நோயாளிகள் பயணிக்குரிய சலுகையை எடுத்துப் பின்னர் களாச் செய்வதே நலம். விவரத்துக்கு உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல்நலம்

இன்சுலின், மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டால் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். பெட்டி தாமதமானால் அன்றைய மருந்தும் போச்சு. இரண்டரை மணி நேர மாற்றத்தில் ஊசியை எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உணவு வருவதற்கு முன் இன்சுலின் போட வேண்டாம். விமானத்தில் உணவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போல இருக்கும். உதகையின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதய நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். ஆறு மணி நேரம் காலைத் தொங்கவிட்டே இருந்தால் காலில் இரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கம் நம் பெண்களிடம் அதிகம். அவர்களுக்கு நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

சக்கர நாற்காலி தேவைப்பட்டால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். குறைந்தது இரண்டு நாள் முன்பாவது பதிந்திருக்க வேண்டும். ஜித்தாவில் இறங்கி நடக்கும் தூரமும் குறைவல்ல. தனியாகப் போகும் பெரியவர்களின் பையில், அவர்களின் பெயர், நோய், மருந்து, குழுத் தலைவரின் எண், மகனின் எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டையை வையுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் குடும்பத்தார் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பாடு, இடையில் எங்கே எவ்வளவு காத்திருப்பு, எந்தத் தொழுகை எங்கே, எந்த மருந்து எப்போது, இஹ்ராம் எங்கே, மக்காவில் முதல் ஓய்வு எப்போது. அந்தத் தாளைப் பார்த்தால் மலிவான டிக்கெட் எது, நல்ல டிக்கெட் எது என்பது தானாகத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய் என்றால், வாப்பா உம்மாவுக்காகப் பிள்ளைகள் அதைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பயணம் போகும் அனைவரின் பயணத்தையும் அல்லாஹ் இலேசாக்கி, உம்ராவைக் கபூல் செய்து, நலமுடன் வீடு திரும்பச் செய்வானாக. ஆமீன்.